மிச்ச டேப்

பார்சலைப் பிரிக்கும்போதே கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த பச்சை நாடாவைப் பார்த்துவிட்டேன். அக்கா பதில் அனுப்பியிருக்கிறாள். அந்தப் பதில் இன்னும் சற்று நேரத்தில் என் வீட்டுக்காரரின் மானேஜருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் ஓடப்போகிறது.

இதை முதலில் விளக்கிவிடுகிறேன். அக்காவும் அத்தானும் வேறு ஊரில் வீடியோ கடை வைத்திருந்தார்கள். புதுப் படக் கேசட்டை அத்தான் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். பார்த்து முடித்ததை நாங்கள் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவோம். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் வருவதற்கு முன்னால் புதுப் படம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதில் என் வீட்டுக்காரருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. படத்தில் நடித்ததே இவர்தான் என்பது போல நடந்துகொள்வார்.

அக்காவின் கடிதங்களை மட்டும் அவர் பிரித்துப் படித்த பிறகுதான் என்னிடம் தருவார், சில சமயம் தரவும் மாட்டார். டெலிபோன் டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு போட்டிருந்தார். எதிர்வீட்டில் அவர் தங்கை. நான் வாசலைத் தாண்டினால் அந்த ஜன்னல் திரை ஆடும், சாயங்காலத்துக்குள் சேதி அண்ணன் காதுக்குப் போய்விடும். கேசட்டை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை. குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார்.

மூன்று மணி நேரக் கேசட்டில் படம் முடிந்த பிறகும் கொஞ்சம் டேப் மிச்சம் இருக்கும். திரையில் வெறும் புள்ளியும் இரைச்சலுமாக ஓடும். அதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அந்த மிச்சத்தில்தான் அக்காவும் நானும் பேசிக்கொண்டோம். எங்கள் மாடியில் கல்யாண வீடியோ எடுப்பவர் குடியிருந்தார். அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் அவர் மனைவி என்னை உட்காரவைத்துப் பதிவு செய்து கொடுப்பார். மாடிக்குப் போகத் தெருவில் இறங்க வேண்டியதில்லை, அதனால் நாத்தனாரின் ஜன்னல் அங்கே எட்டாது.

கடைக்காரர்கள் கேசட்டின் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. பதிய வேண்டுமானால் அந்த ஓட்டையை நாடா ஒட்டி மூட வேண்டும். அக்கா பச்சை நாடாவை ஒட்டினால் உள்ளே சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

சேதியை நான் எப்படிப் பார்த்தேன் என்றால், அதற்கு என் வீட்டுக்காரரின் கோபத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒருநாள் சண்டைக் காட்சி நடுவில் டேப் சிக்கிக்கொள்ள, வீடியோ மெஷினை ஓங்கிக் குத்தினார். நிறுத்துகிற பொத்தானும் திரும்பச் சுற்றுகிற பொத்தானும் உள்ளே போனவைதான், வெளியே வரவில்லை. ரிமோட் அதற்கு முன்பே என்மேல் எறியப்பட்டுச் சுவரில் பட்டு உடைந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே வழிதான். டேப் கடைசிவரை ஓட வேண்டும். ஓடி முடிந்ததும் மெஷின் தானாகத் திரும்பச் சுற்றி, கேசட்டை வெளியே துப்பும். பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்க்க வந்தவர்களை வழியனுப்ப அவர் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார். ஒரு சிகரெட், கொஞ்சம் அரட்டை. "டேப் ஓடி முடியட்டும், கூடவே இருந்து பாத்துக்க" என்பது எனக்கு இட்ட வேலை. அந்த வேலையைப் போல நான் விரும்பிச் செய்த வேலை வேறில்லை. சத்தத்தைக் குறைத்து, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் முகத்தைப் பார்ப்பேன்.

போன கேசட்டில் என் இடது கையின் கட்டை அவிழ்த்துக் காட்டியிருந்தேன். "இனிமே முடியாதுக்கா. நான் வந்துரட்டுமா? எப்ப, எங்க நிக்கணும்னு சொல்லு" என்று கேட்டிருந்தேன். அதற்கான பதில்தான் இந்தக் கேசட்டில் இருந்தது.

முன்கூட்டிப் பார்த்துவிட வழியில்லை. பார்சல் வந்தபோது விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் அன்றுதான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். கிடங்கில் மேற்பார்வை வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், பதவி உயர்வு கிடைக்க வேண்டுமென்று அவரை விழுந்து விழுந்து கவனித்தார். கூடவே வசனமும் வந்திருந்தான். அவன் கிடங்கில் இவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். எந்தப் படத்தையும் தியேட்டரில் நாலைந்து தடவை பார்த்துவிட்டு, திரையில் ஆள் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவதால் அந்தப் பெயர்.

மானேஜர் மனைவி பருமனான, நிதானமான அம்மாள். உட்கார்ந்ததுமே என் கையைப் பார்த்துவிட்டார்.

"கையில என்னம்மா கட்டு?"

"வெந்நீர் கொட்டிருச்சுங்க" என்றேன் நான்.

"வழுக்கி விழுந்துட்டா மேடம்" என்றார் என் வீட்டுக்காரர், அதே நொடியில்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நாள்லயா?" என்றார். என் வீட்டுக்காரர் பெரிதாகச் சிரித்தார். "இவ அப்படித்தாங்க, ஒண்ணு செஞ்சா ஒம்பது கவுத்துருவா. தங்கம், போய் டீ கொண்டா."

என்னை யாராவது இருக்கும்போதுதான் தங்கம் என்பார். தனியாக இருக்கும்போது எனக்குப் பெயரே கிடையாது, ஏய்தான். கோபம் ஏற ஏறத் தங்கத்தில் தேன் சொட்டும். மற்றவர்கள் முன்னால் அவர் குரலை உயர்த்தியதில்லை, கையை ஓங்கியதுமில்லை. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

படம் ஆரம்பித்தது. நான் டீத் தட்டோடு குறுக்கே போனேன்.

"தங்கம், மறைக்குது பாரு."

குனிந்து போனேன். திரும்பி வரும்போது முதுகை இன்னும் வளைத்தேன். எங்கள் வீட்டில் நான் நிமிர்ந்து நடப்பது படம் ஓடாத நேரத்தில் மட்டும்தான்.

மூலையில், டிவிக்கு அருகே, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்தேன். என் வழக்கமான இடம் அது. மெஷினின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாயகன் பாடினான், நாயகி ஓடினாள், எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டால் பிழைத்தேன். அக்கா எப்போதும் படம் முடிந்து கொஞ்ச நேரம் வெற்று டேப்பை ஓடவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டியிருப்பார்கள்.

இடைவேளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது.

சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே தெரியவில்லை. "பரவால்லீங்க சார், மழை விடுற வரைக்கும் இருங்க. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார் அவர்.

தினமும் போகிற கரண்ட் அன்று போகவில்லை. வேண்டாதபோது வீட்டை இருட்டாக்குகிற மின்சார வாரியம், நான் உருகி வேண்டிக்கொண்டபோது நல்ல பிள்ளையாக வேலை பார்த்தது. பொறுத்துப் பார்த்தேன். "இன்னும் நாலு சீன்தான் சார். இப்ப வில்லன் தங்கச்சியத் தூக்குவான்" என்று வசனம் சொன்னான். தூக்கினான்.

"துணி நனையுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் எங்கள் வீட்டு ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, பெட்டியின் மேல் வைத்தேன். உள்ளே படத்தின் சத்தம் அறுந்தது. "அய்யய்யோ" என்று வசனத்தின் குரல் கேட்டது.

கரண்ட் போய்விட்டது என்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அலுத்துக் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாடி வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்ததை மட்டும் யோசிக்கவில்லை.

அவர் வெளியே வந்தார். மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார். பெட்டியைத் தடவி, கட்டையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு, தங்கம்."

நான் கொடியிலிருந்த துணியை உருவத் தொடங்கினேன்.

"கட்டை தானா நடந்து வந்து மேல உக்காந்துக்கிச்சா?"

"தெரியலீங்க."

கட்டையைப் பொருத்தினார். உள்ளே விளக்கு எரிந்து, மின்விசிறி சுற்றத் தொடங்கியது. என் தோளில் கையை வைத்தார். யாராவது பார்த்தால் ஆசையாக வைத்தது என்றுதான் சொல்வார்கள்.

"அவங்க போகட்டும்" என்றார் மெதுவாக.

அதோடு என் பயம் இரண்டாகிவிட்டது. அவர்கள் இருந்தால் அக்கா பேசிவிடுவாள். அவர்கள் போனால் நான் அவரோடு தனியாக இருக்க வேண்டும். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் மூலையில் போய் உட்கார்ந்தேன். வசனம் மெஷினின் பொத்தானை அழுத்த, படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. இடையிடையே என்னைத்தான் பார்த்தார். அந்த மானேஜர் மனைவியும் என்னைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

சண்டை முடிந்தது. வில்லன் விழுந்தான். குடும்பம் சேர்ந்து நின்று சிரித்தது. வணக்கம் போட்டார்கள்.

"பிரமாதம்" என்றார் மானேஜர். எழுந்து ஜன்னலருகே போனார். மழையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

திரையில் புள்ளிகள் கொதித்தன. இரைச்சல் அறையை நிறைத்தது.

"இரைச்சலா இருக்கு, நிறுத்திடட்டுமாங்க?" என்றேன்.

"பாதியில நின்னா டேப் சிக்கிக்கும்" என்றார் அவர். மானேஜர் பக்கம் திரும்பி விளக்கினார். "நம்ம வீட்டுல ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன் சார். கேசட்டுன்னா கடைசி வரைக்கும் ஓடணும். அப்பத்தான் ஆயுசு." பொத்தானைக் குத்தி உடைத்த கதை கட்டுப்பாடு ஆகிவிட்டது. மானேஜர் தலையை ஆட்டினார்.

சுவிட்ச் என் தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து நின்று அதன்மேல் விரலை வைத்தேன். அழுத்தினால் போதும், அக்கா வரமாட்டாள். அவர் கண் என் விரலில் இருந்தது. அவருக்கு ஏதோ புரியத் தொடங்கியிருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினாள், இப்போது சுவிட்சுக்குப் போகிறாள், அப்படியானால் இந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது? அவர் நெற்றியில் அந்தக் கேள்வி எழுதியே இருந்தது.

அழுத்தினால் அக்கா இப்போது வரமாட்டாள், அவ்வளவுதான். இவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் இதே கேசட்டைப் போட்டுப் பார்ப்பார். அக்கா சொல்வதையெல்லாம் நானும் அவரும் மட்டும் கேட்போம்.

அதை நினைத்தபோது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? அதுவரை பட்ட பயமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

திரை ஒருமுறை துடித்தது. அக்கா வந்தாள்.

கடையில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் அலமாரி நிறையக் கேசட்டுகள். அழுது வீங்கிய முகம். "தங்கச்சி, முதல்ல சத்தத்தைக் குறைச்சுக்க. அந்த ஆள் வெளிய போயிட்டானான்னு எட்டிப் பாத்துக்க" என்றாள், அறை முழுக்கக் கேட்கும் குரலில்.

சாய்ந்திருந்த மானேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ காட்டின கையை நானும் அத்தானும் பாத்தோம். அத்தான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வச்சிட்டார். சட்டைக் காலர்ல மடிப்பு விழுந்துச்சுன்னு இஸ்திரிப் பெட்டிய எடுத்துக் கையில வைப்பானாடி ஒருத்தன்? மனுஷனா அவன்?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆமாம், சிரித்தார். "இவ அக்கா ரொம்ப ஜோக் அடிக்கும் சார். நாடகத்துல எல்லாம் நடிச்சிருக்கு" என்றபடி எழுந்து என்னிடம் வந்தார். நான் சுவிட்ச் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் சுவர். என்னைப் பிடித்து இழுக்காமல் அவரால் எதையும் தொட முடியாது.

"தங்கம், தள்ளு."

அவ்வளவு இனிமையாக அவர் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"பாதியில நின்னா டேப் சிக்கிக்குங்க. நீங்கதானே சொன்னீங்க."

அவர் கை மேலே எழுந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நினைவு வந்ததும் பாதியில் நின்றது. அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தன் தலையைத் தடவிக்கொண்டார்.

அக்கா பேசிக்கொண்டேயிருந்தாள். "இனிமே அங்க இருக்காத. வியாழக்கிழமை அத்தான் வேன் எடுத்துட்டு வர்றார்..." நான் நின்ற இடம் திரையில் பாதியை மறைத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து மானேஜர் மனைவியின் குரல் வந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லும்மா, மறைக்குது. எனக்குப் பாக்கணும்."

எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவிட்சை விடாமல் ஓரமாக ஒதுங்கினேன். அந்த அம்மாள் எழுந்து வந்து, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய பருமன் எனக்குப் பெரிய கோட்டைச் சுவராக இருந்தது.

"மழை விட்ட மாதிரி இருக்கு" என்றார் மானேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு. பாவம், அவருக்கு எப்படியாவது அந்த அறையை விட்டுப் போனால் போதும்.

"விடல. படம் முடியட்டும், உக்காருங்க" என்றார் மனைவி. எழப்போன மானேஜர் உட்கார்ந்துவிட்டார். வசனம் வாயைப் பாதி திறந்தபடி இருந்தான். அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று அவனுக்கு அன்று தெரியவில்லை.

அக்கா முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். புள்ளிகள் வந்தன. டக்கென்று டேப் முடிந்து, மெஷின் உறுமிக்கொண்டு பின்னோக்கிச் சுற்றியது. என் வீட்டுக்காரர் அறை நடுவில் நின்றிருந்தார், உட்காரச் சொல்ல யாருமில்லாத விருந்தாளி போல.

மெஷின் கேசட்டைத் துப்பியது. அவர் கை நீண்டது. "எடுத்துக்கம்மா, அது உங்க அக்கா உனக்கு அனுப்பினது" என்றார் அந்த அம்மாள். நான் எடுத்தேன். கேசட் சூடாக இருந்தது.

"செருப்பைப் போட்டுக்க. இன்னிக்கு எங்க வீட்டுல இரு."

"மேடம், இது எங்க குடும்ப விஷயம்" என்றார் அவர்.

"ஆமா, பாத்தோம்ல" என்றார் அந்த அம்மாள். பிறகு தன் கணவரிடம், "குடை ரெண்டு பேருக்குத்தான் தாங்கும். நீங்க நனைஞ்சுக்கிட்டு வாங்க."

வாசல் படி இறங்கும்போது பின்னாலிருந்து, "தங்கம்" என்று குரல் வந்தது. மிக மெதுவாக. என் கால் தானாக நின்றுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நின்றுவிட்டது. அந்த அம்மாள் கட்டில்லாத என் கையை இறுகப் பிடித்து இழுத்தார், நான் அடுத்த படியில் காலை வைத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திரை மழைக்கு நடுவே ஆடியது. ஆடட்டும் என்று சொல்லிக்கொண்டேன், பயம் மட்டும் போகவில்லை.

கேசட் நனையாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அத்தான் வேன் எந்த இடத்தில் நிற்கும் என்று அக்கா சொன்னது, என் பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த அம்மாள் வீட்டில் மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பொத்தான்கள் வேலை செய்யுமா என்று கேட்டேன். எல்லாம் செய்யும் என்றார். போனதும் போட்டுப் பார்க்க வேண்டும், சத்தத்தைக் கூட்டி வைத்து.